நீச்சலுக்குச் சான்று

பாப்பாவைத் தூளியில் போட்டு, ஆட்டும் கயிற்றை வலது கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு நவமணி சுவரில் சாய்ந்தபோது மணி ஒன்றரை. பக்கம் ஒன்றை நீக்கச் சொல்லி வந்த முறையீட்டுக்கு மூன்று மணியோடு கெடு முடிகிறது. அதற்குள், செத்துப்போய் இரண்டு வருஷமான ஒருத்திக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் இருக்கலாமா கூடாதா என்று அவள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சம்பளமில்லாத நாட்டாமை. வயிற்றில் பாப்பா இருந்தபோது டாக்டரம்மா எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட, படுத்தபடியே கைப்பேசியில் பீர்க்கங்காயைப் பற்றி நாலு வரி எழுதப்போய், பீர்க்கு புடலையாகி, புடலை அவரையாகி, அவரை ஊர் ஊராகப் படர்ந்து, மூன்றே வருஷத்தில், யார் எழுதிய பக்கத்தையும் நீக்கும் உரிமையுள்ள பதினோரு நிர்வாகிகளில் ஒருத்தியாகிவிட்டாள். மற்ற பத்துப் பேரில் ஒருவர் விடைத்தாள் திருத்துகிறாராம், ஒருவர் பயணத்தில் இருக்கிறாராம், ஒருவருக்குக் கண்வலியாம். அமைச்சர் பெயர் வருகிற பக்கம் என்றால் எல்லோருக்கும் திடீரென்று சோலி வந்துவிடுகிறது. பக்கத்தின் தலைப்பு, தாரணி இளவரசன். அமைச்சர் கோதண்டபாணியின் இளைய மருமகள். அவள் தகுதி அவ்வளவுதான், அது தகுதியே இல்லை என்கிறது விதி. பிறப்பாலோ மணத்தாலோ வாய்த்த உறவு மட்டுமே ஒருவரைக் கலைக்களஞ்சியத்துக்கு உரியவர் ஆக்காது. அந்த வாக்கியத்தை எழுதியதே நவமணிதான். போன தேர்தல் சமயத்தில் எம்.எல்.ஏ.வின் மச்சான், ஒன்றியத் தலைவரின் சம்பந்தி, சம்பந்தியின் தம்பி என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் போட்டு, சமூக சேவகர், கல்விக் காவலர் என்று மாலை சூட்டிக்கொண்டு வந்தபோது, வெண்டைக்காயின் காம்பைக் கிள்ளுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக அந்த விதியை எழுதினாள். நல்ல வாக்கியம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டுக்காரரிடம்கூடப் படித்துக் காட்டினாள். இப்போது அதே வாக்கியம் தீட்டிய அரிவாள்மனை மாதிரி எதிரில் உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் கை வைத்தாலும் வெட்டும்.

பக்கத்து வீதியில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. தடக்குப் படக்கு, தடக்குப் படக்கு. அந்தச் சத்தம் நின்றால்தான் பாப்பா விழிக்கும். கரண்ட்டு போகாமல் இருக்க வேண்டும். கயிற்றை இழுத்து விட்டாள். முதல் நாள், போன வியாழக்கிழமை, அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தப் பக்கத்தை முதலில் பார்த்தாள். புதுப் பக்கங்களின் வரிசையில் இருபதோடு இருபத்தொன்றாக வந்தது. எழுதியவரின் கணக்குப் பெயர் 'தாரணிஅம்மா'. கையால் எழுதியதில்லை, கைப்பேசியிடம் வாயால் சொல்லச் சொல்ல அதுவே எழுத்தாக்கியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. முற்றுப்புள்ளி கிடையாது, கால்புள்ளி கிடையாது. எம்பொண்ணு தாரணி ரொம்ப நல்ல பொண்ணு அவளுக்கு முள்ளங்கி ஆகாது வாசமே ஆகாது ஆட்டுக்குட்டிய அவுத்துட்டாங்களா பாரு எம்பொண்ணு நல்லா நீச்சல் அடிப்பா மோட்டார் ரூம்பு மேல இருந்து கெணத்துல குதிப்பா ஆம்பளப் பசங்க கூடக் குதிக்க மாட்டாங்க. நடுவில் ஆட்டுக்குட்டி வந்ததைப் பார்த்து நவமணிக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் கைப்பேசியுமாக ஆட்டுக்குட்டியை நீக்கினாள். முள்ளங்கியை நீக்கினாள். நல்ல பொண்ணை நீக்கினாள். நீச்சலுக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று சின்ன எழுத்தில் போட்டாள், பிறகு கொஞ்சம் யோசித்து, யோசிக்கக்கூட இல்லை, பழக்கத்தில், அந்த வரியையும் நீக்கிவிட்டுக் காரணக் கட்டத்தில் எழுதினாள்: சான்றில்லை, கலைக்களஞ்சிய நடையில் இல்லை. மிஞ்சியது மூன்று வரி. இன்னாரின் மருமகள். இன்ன ஆண்டு திருமணம். இன்ன ஆண்டு, தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து நீரில் மூழ்கி இறந்தார். மூன்றாவது வரிக்கு மட்டும், தேடியதில், பத்திரிகைச் சான்று இரண்டு கிடைத்தது. சுத்தமாக இருந்தது பக்கம், கழுவிக் கவிழ்த்த வட்டிலாட்டம். ரசத்தை இறக்கி வைத்தாள். ஒரு தாய், பெற்ற மகள் கிணற்றில் செத்ததை எழுதும் இடத்தில், அவளுக்கு நீச்சல் தெரியும் என்று எதற்கு எழுதுவாள்? அது பெருமையில்லை, பிராது. ரசத்துக்குக் கொத்துமல்லி கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது உறைக்கவே இல்லை.

அடுத்த நாள் அந்த அம்மா ஒரு படம் ஏற்றினாள். அப்போதும் முகம் தெரியவில்லை. கல்யாணப் படம், பவுனும் பூவும் முகத்தை மூடியிருந்தன. இடது புருவத்தில் ஒரு வெட்டு. கிணற்றுப் படிக்கட்டின் கல் பட்ட வெட்டு. அதைப் பார்த்ததும் நவமணிக்குத் தொண்டைக்குள் தண்ணீர் போனது, பதினாறு வருஷத்துக்கு முந்தைய தண்ணீர், பாசி வாடை அடிக்கிற தண்ணீர். தாரணியக்கா. மேட்டூர்ப் பள்ளிக்கூடம் என்று எல்லோரும் சொல்லும் மேட்டு ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தில் இவள் எட்டாவது, அவள் பத்தாவது. கோடை லீவில் செங்கோட்டையன் தோட்டத்துக் கிணற்றில் இவளுக்கு நீச்சல் பழக்கிவிட்டவள். அஞ்சு லிட்டர் எண்ணெய்க் கேன் காலியானதை இடுப்பில் கட்டி, "சாவ மாட்டடி, கைய ஒதறு, கால ஒதறு, வாய மூடு மொதல்ல, அப்பறம் ஊரு நாயம் பேசலாம்" என்று தள்ளிவிட்டவள். மோட்டார் ரூமின் மேலிருந்து குதித்தால் நேரே அடிக்குப் போவாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று மேலே பிள்ளைகள் எண்ணுவார்கள், நாற்பதுக்கு மேல் எண்ணப் பயந்து நிறுத்திவிடுவார்கள், அப்போதுதான் தலை மேலே வரும், ஒரு கையில் கறுப்பு மண். அடியைத் தொட்டதற்கு மண் காட்ட வேண்டும், அதுதான் பிள்ளைகளுக்குள் சட்டம். மண் இல்லாமல் வந்து அடிக்குப் போனேன் என்றால் எவனும் நம்ப மாட்டான். தாரணியக்கா ஒருதரம்கூட வெறுங்கையோடு வந்ததில்லை. அந்த மண்ணை இவள் முகத்தில் அப்பிவிட்டு, "இந்தா, பவுடர் போட்டுக்க" என்பாள். அவளுக்கு நீச்சல் தெரியாது என்று யாரும் சொல்லவில்லைதான். பத்திரிகையும் சொல்லவில்லை, ஆர்.டி.ஓ. விசாரணையும் சொல்லவில்லை. மோட்டார் போடப் போனாராம், கால் இடறியதாம், பன்னிரண்டு அடித் தண்ணீராம், மூழ்கினாராம். நீச்சல் தெரிந்ததா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நீச்சல் தெரிந்தவர்களும் சாவதுண்டு. விழுகிறபோது தலையில் அடிபட்டால். வலிப்பு வந்தால். சேலை மோட்டார்க் குழாயில் சுற்றிக்கொண்டால். சேலையோடு குதித்து நீந்தியதை இவளே பார்த்திருக்கிறாள், அத்தை மகள் சீருக்குப் போய்வந்த அன்று, பட்டுப்பாவாடை தாவணியோடு. அது தாவணி. சேலை வேறு. சேலை கனம். நவமணி தன்னையே மறுத்துப் பேசிக்கொண்டு, தன்னையே மறுபடி மறுத்துக்கொண்டு, கயிறு நின்றுபோனதைக் கவனிக்காமல் இருந்தாள். தூளிக்குள் பாப்பா புரண்டது. இழுத்து விட்டாள்.

தெரிந்தவர்களைப் பற்றிய பக்கத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. எனக்கு இவரைத் தெரியும், நான் விலகிக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். விலகினால் யார் வருவார்? கண்வலிக்காரரா? யாரும் வராவிட்டால் கெடு முடிந்து, மூன்று வரிப் பக்கம் அந்த முறையீட்டின்படியே தானாகப் போய்விடும். அதுவும் இல்லாமல், எனக்கு இவரைத் தெரியும் என்று எழுதினால் அதை யார் யார் படிப்பார்கள்? நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்காரர் மகேந்திரன் வந்தபோது கைலி மாற்றக்கூட இல்லை. ஊராட்சித் தண்ணித் தொட்டியைத் திறந்து மூடுகிற வேலை, ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். "ஏம் புள்ள, நெட்டுல யாரையோ அழிக்கப்போறியாமா?" "ஏனுங் மாமா?" "ஒன்றியச் செயலாளரு டீ வாங்கிக் குடுத்தாரு. எச்சக் கையில காக்கா ஓட்டாத மனுசன். உங்கூட்டுல படிச்ச புள்ளையாமா, நெட்டுல அழிக்கற பவரே இருக்குதாமா, பரவால்லியே தம்பீங்கறாரு." "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" "என்னத்தச் சொல்றது. ஆமாங்க, சோத்துக்கு ஒல வெச்சுட்டு அழிப்பாங்கன்னேன். சிரிச்சாரு. அப்பறம், மகிழினி பால்வாடிக்குப் போவுதான்னு கேட்டாரு." அங்கேதான் சிரிப்பு நின்றது, இரண்டு பேருக்கும். "பாப்பா பேரு அவருக்கு எப்புடித் தெரியும் மாமா?" மகேந்திரன் கைலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பதில் நவமணியிடமே இருந்தது. கலைக்களஞ்சியத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பக்கத்தில், ரோஜாப்பூப் படம் ஒன்று போட்டு, மகிழினியின் அம்மா, பீர்க்கங்காய்க் கொடி நிபுணர் என்று அவளே எழுதி வைத்திருந்தாள், கீழே ஊர்க் கிணற்றின் படம், ஊர்ப் பெயரோடு. பெருமைக்கு ஆட்டுக்கிடா வெட்டின கதை. காலையில் முதல் வேலையாக அதை நீக்கினாள். நீக்கினாலும் பழைய வடிவங்கள் எல்லாம் வரலாற்றில் இருக்கும், தேடினால் கிடைக்கும், அவளுக்குத் தெரியாதா? அவள்தானே அடுத்தவர்களுக்குப் பாடம் எடுப்பாள், இங்கே எதுவும் முழுசாக அழியாது என்று.

அழிப்பதுதான் அவர்களுக்கு வேண்டும். விதியும் அழி என்கிறது. அதுதான் வேதனை. விதி ஒரு பக்கமும் பயம் ஒரு பக்கமும் இழுத்தால் ஏதாவது ஒன்றின் பக்கம் நின்று தொலைக்கலாம். இரண்டும் ஒரே கையைப் பிடித்து ஒரே திசையில் கூட்டிப்போகின்றன. இந்தப் பயம் இல்லாதிருந்தால் இந்தப் பக்கத்தை என்ன செய்திருப்பாய் நவமணி? நீக்கியிருப்பேன். உறுதியாகவா? உறுதியாக. மூன்று வரி, இரண்டு துணுக்குச் செய்தி, அமைச்சர் மருமகள் என்பதால் வந்த துணுக்கு. சம்பந்தியின் தம்பியை நீக்கியவள் இவளையும் நீக்கத்தான் வேண்டும். அப்படியானால் எதற்குக் கடைசி நிமிஷம் வரை உட்கார்ந்திருக்கிறாய்? இன்றைக்குச் செய்வதை நாளைக்கு எப்படி நினைத்துக்கொள்வேன், விதிப்படி செய்தேன் என்றா, பயந்து செய்தேன் என்றா? இரண்டுக்கும் பக்கம் ஒரே மாதிரிதான் காலியாகும். உரையாடல் பக்கத்தைத் திறந்தாள். 'தலைவர்படை' என்று ஆரம்பிக்கிற ஆறு கணக்குகள், ஒரே நாளில் ஒரே மணியில் பிறந்த ஆறு குழந்தைகள், ஆறும் நீக்குக, நீக்குக என்று கத்தியிருந்தன. எங்கள் தலைவரின் குடும்பத்தைக் களங்கப்படுத்தும் சூழ்ச்சி. புதுக் கணக்குகளின் வாக்கு செல்லாது. கோடு போட்டு அடித்தாள். மிச்சம் உண்மையான ஆட்கள் இரண்டே பேர். திருச்சிக் கலியபெருமாள் ஐயா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பிரம்பு இல்லாமலே அடிக்கிறவர்: "விதி தெளிவு. நீக்கலாம். துக்கம் வேறு, தொகுப்பு வேறு." யாழ்ப்பாணத்துச் சிவகாமி அம்மா: "நான் இன்னும் யோசிக்கிறன் பிள்ளை." அவருக்குக் கீழே அந்தத் தாய். அம்மா நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது பக்கத்து ஊட்டு டீச்சரம்மா சொன்னாங்க நீங்கதான் அழிச்சீங்கன்னு முள்ளங்கிய அழிச்சது சரிதானுங் நீச்சல மட்டும் திரும்ப எழுதிருங்க சாமி எங்க சொல்லியும் யாரும் எழுதிக்கல போலீசுலயும் எழுதிக்கல ஆர்டிஓ ஆபீசுலயும் எழுதிக்கல இங்க யாரு வேணா எழுதலாம்னாங்க அதான் வந்தேன்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம். முகப்புப் பக்கத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. நவமணி கைப்பேசியை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தாள். பள்ளிக்கூட வாத்தியார் யாராவது, மாவட்ட அளவில் ஏதாவது போட்டி, பத்திரிகையில் ஒரு வரி, ஒரு படம், எதுவாவது இருக்காதா என்று இந்த ஏழு நாளில் தேடாத இடமில்லை. கிணற்றில் நீந்துகிறவளுக்கு எந்தப் பத்திரிகை படம் போடும்? பரிசு கொடுத்தது யார்? எண்ணெய்க் கேனா? கண்ணால் பார்த்த ஆள் இருக்கிறது, ஒன்று. அந்த ஆள் இந்தச் சுவரில் சாய்ந்து, காலில் கயிற்றோடு உட்கார்ந்திருக்கிறது. எழுதுகிறவர் தாமே கண்டது சான்றாகாது. அதுவும் விதி. அதை அவள் எழுதவில்லை, அவளுக்கு முந்தியே இருந்தது, ஆனால் எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள், ஐயா, நீங்கள் பார்த்திருக்கலாம், ஊருக்கே தெரிந்திருக்கலாம், அச்சில் வந்ததா? அச்சில் வராதது நடக்கவில்லை என்று அர்த்தமில்லை ஐயா, இங்கே எழுத முடியாது, அவ்வளவுதான். எவ்வளவு இனிமையாகச் சொல்லுவாள். இரண்டேகால். எழுந்து பாப்பாவுக்கு முட்டை வேகவைக்கலாமா? எழுந்தால் கயிறு நிற்கும். கைப்பேசியை நிமிர்த்தினாள். உரையாடலில் ஒரு வரி எழுதலாம், கட்டுரையில் இல்லை, உரையாடலில், விதி அதைத் தடுக்காது. எழுதினாள். 'அவளுக்கு நீச்சல் தெரியும். நான் பார்த்தேன்.' எழுதி முடித்ததும் வீடு ஒருமாதிரி அமைதியானது, தறிச்சத்தத்தோடே அமைதி. ஐந்து சொல். ஒரு பெண் இப்படிச் சொன்னாள் என்று அந்தத் தாய் எங்காவது எடுத்துப்போய்க் காட்டலாம். யார் அந்தப் பெண் என்று கேட்பார்கள். மகிழினியின் அம்மா. பால்வாடிக்குப் போகும் மகிழினி, வாசலில் மண் அள்ளித் தின்னும் மகிழினி, தொட்டிக்குப் போகிற அப்பாவின் பின்னால் கிணற்றடி வரை நடந்தே போய்விடும் மகிழினி. ஊர்க் கிணற்றுக்குப் போன மாசம்தான் கம்பி வலை போட்டார்கள். நல்ல வலை. ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் கம்பி கட்டாமல் விட்டிருக்கிறார்கள், கட்டச் சொல்ல வேண்டும், மாமாவிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும். அவள் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தேன் போனது. நான் போனது. தெரியும் போனது. நீச்சல் போனது. 'அவளுக்கு' மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அதுவும் போனது. சேமிக்காததால் வரலாற்றிலும் இருக்காது. முழுசாக அழிந்த ஒன்று.

இரண்டே முக்காலுக்குச் சிவகாமி அம்மா எழுதினார். கண்ணியமான மனுஷி, வாக்கியத்துக்கே குடை பிடிக்கிறவர். "பிள்ளை, நீக்கினால் அந்தப் பெயரே இல்லாமல் போய்விடும். வழிமாற்று விட்டால் என்ன? தாரணி இளவரசன் என்று தேடுகிறவர்கள் அமைச்சரின் பக்கத்துக்குப் போய்ச் சேரட்டும். அங்கே குடும்பம் என்ற பகுதியில் மருமகள் பற்றி ஒரு வரி சேர்க்கலாம். பெயரேனும் மிஞ்சும்." கலியபெருமாள் ஐயா ஒரு நிமிஷத்தில், "மறுப்பில்லை" என்றார். நவமணிக்கு மூச்சு வந்தது. அழிப்பதும் இல்லை, வைப்பதும் இல்லை. அவர்களும் கேட்க முடியாது, இவர்களும் கேட்க முடியாது. எத்தனை பக்கங்களுக்கு இப்படிச் செய்திருக்கிறாள், தனியாக நிற்கத் தகுதியில்லாத பக்கத்தைத் தகுதியுள்ள பக்கத்தோடு கட்டிவைப்பது. தனிக் கத்தரி கருகினால் பெரிய செடியின் நிழலில் நட்டுவிடுகிற மாதிரி. இரண்டு மணி ஐம்பத்தாறுக்கு முடிவை எழுதினாள்: ஒருமித்த கருத்து, வழிமாற்று. கை படபடவென்று வேலை செய்தது, தெரிந்த வேலை, பழகின வேலை. மூன்று வரிகளும் போயின. படம் போனது, புருவத்து வெட்டோடு. சரியாக இருக்கிறதா என்று, எப்போதும் பார்க்கிற மாதிரி, தேடல் கட்டத்தில் பெயரை அடித்துப் பார்த்தாள். தாரணி இளவரசன். சுற்றிச் சுற்றி, திறந்தது. வெள்ளைச் சட்டையில் அமைச்சர் கோதண்டபாணி இரண்டு கையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே எறும்பு எழுத்தில், 'தாரணி இளவரசன் என்ற பக்கத்திலிருந்து வழிமாற்றப்பட்டது.' மறுபடி அடித்தாள். மறுபடி அதே சிரிப்பு. இனி எந்த ஊரில் எவர் அந்தப் பெயரைத் தேடினாலும் மாமனார் வீட்டு வாசலில்தான் கொண்டுபோய் விடும். பெற்றவள் தேடினாலும். அந்த வீட்டுக்கே மறுபடி கட்டிக்கொடுத்துவிட்டோம், எல்லோரும் சேர்ந்து, ஒருமித்த கருத்தோடு.

குடும்பம் என்ற பகுதிக்குப் போனாள். இவருக்கு இரண்டு மகன்கள், மூன்று பேரப்பிள்ளைகள். அதற்குப் பிறகு ஒரு வரி சேர்க்க வேண்டும், சிவகாமி அம்மா கேட்டிருக்கிறார். நவமணி யோசித்து யோசித்து எழுதினாள். இளைய மருமகள் தாரணி. அதற்கு மேல் என்ன எழுதலாம்? பழகியவர்கள் சொன்னதற்குச் சான்றில்லை. முள்ளங்கிக்குச் சான்றில்லை. நாற்பது எண்ணும் வரை தண்ணீருக்குள் இருந்ததற்குச் சான்றில்லை. அவள் கையில் இருந்த சான்று இரண்டுதான், இரண்டும் அச்சில் வந்தவை, நம்பத்தக்கவை, தேதியும் பக்க எண்ணும் உள்ளவை, இரண்டும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறவை. நவமணி அந்த வாக்கியத்தைத் தன் நடையில், பிழையில்லாமல், தன் பெயரில் எழுதினாள். தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து நீரில் மூழ்கி இறந்தார். சான்று ஒன்று, சான்று இரண்டு என்று இணைத்துச் சேமித்தாள். ஐந்தாறு நொடிகூட ஆகியிருக்காது, கைப்பேசி அதிர்ந்தது. நல்ல தொகுப்புச் செய்தவருக்கு ஒரு பொத்தானை அழுத்தி நன்றி சொல்லும் வசதி கலைக்களஞ்சியத்தில் உண்டு. கட்டுரைக்கு ஒன்றிரண்டு வரும், வந்தால் அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவாது. இதற்கு ஆறு வந்திருந்தன, வரிசையாக. தலைவர்படை ஒன்று உங்கள் தொகுப்புக்கு நன்றி தெரிவித்தார். தலைவர்படை இரண்டு உங்கள் தொகுப்புக்கு நன்றி தெரிவித்தார்.